கோழிக் கழிச்சல் – மூச்சில் பரவும் நோய்

கோடை தொடங்கும் சமயத்தில் கிராமங்களில் நாட்டுக் கோழிகள் கூட்டங் கூட்டமாய் மடிவதை விவசாயப் பெருமக்கள் நன்கு அறிவார்கள். ஒரு சேவல் சோர்ந்து நின்றால் சில நாட்களில் பஞ்சாரமே காலியாகிவிடுகிறது. பள்ளிச் செலவுக்கும் அவசரக் கைச்செலவுக்கும் வீட்டுப் பெண்கள் நம்பியிருக்கும் பணம் அது. பயிர்ப் பாடம் நடத்துகிறவனுக்குக் கோழியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். மானாவாரி விளைச்சல் பொய்த்த ஆண்டில் குடும்பத்தைத் தாங்குவது ஆடும் கோழியுந்தான்.

வெள்ளைக் கழிச்சல் என்றும் இராணிக்கெட் நோய் என்றும் வழங்கும் இந்நோய், 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்டது. சிறிது காலத்தில் இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கெட்டிலும் காணப்பட்டதால் நம் நாட்டில் அவ்வூரின் பெயர் நிலைத்துவிட்டது. தடுப்பு மருந்து தயாரிக்கும் நம் இராணிப்பேட்டைக்கும் நோயின் பெயருக்கும் தொடர்பில்லை. பலர் மயங்குவதால் சொல்கிறேன்.

கழிச்சல் என்ற பெயர்தான் பலரை ஏமாற்றிவிடுகிறது. வயிற்றுக் கோளாறு, வெயில் சூடு என்று எண்ணிக் கைமருந்து கொடுத்துக் காலம் கடத்துகிறோம். உண்மையில் இது வைரஸ் என்னும் நச்சுயிரியால் வருவது. நோயுற்ற கோழியின் மூச்சிலும், தும்மலில் தெறிக்கும் துளிகளிலும், சளியிலும், எச்சத்திலும் கிருமி வெளிவந்து, மற்றக் கோழிகளுக்கு மூச்சு வழியாகவும் தீனி, தண்ணீர் வழியாகவும் புகுகிறது. இரவு முழுவதும் கூட்டில் நெருங்கி அடையும் கோழிகளுக்கு வேறென்ன வேண்டும்? கிருமி புகுந்து 2 முதல் 15 நாட்களுக்குள், பெரும்பாலும் 5, 6 நாட்களில், நோய் தலைகாட்டும். அதற்கு முன்பே, பார்வைக்கு நலமாக இருக்கும் போதே, கோழி கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது.

முதலில் தீனி எடுக்காமல் இறகு சிலிர்த்து நிற்கும். வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி மூச்சு வாங்கும். மூக்கில் சளி ஒழுகும். பின் வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். தப்பியவற்றிலும் சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். நோய் கண்டபின் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. கடையில் வாங்கும் மாத்திரைகள் இக்கிருமியைக் கொல்லமாட்டா.

இரண்டு கோழி விழுந்ததும் மீதியைச் சந்தைக்குக் கொண்டு ஓடுவது நம்மிடையே உள்ள வழக்கம். நஷ்டத்துக்கு அஞ்சிச் செய்வது புரிகிறது. ஆனால் அந்த ஒரு கூடையிலிருந்து நோய் பல ஊர்களுக்குப் போகிறது. யாரோ அப்படி விற்ற கோழியில்தான் நமக்கும் வந்திருக்கும். நோயுற்றவற்றைத் தனியே அடைத்து, இறந்தவற்றைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும். கிணற்று மேட்டிலோ குப்பைக் குழியிலோ எறிந்தால் நாயும் காக்கையும் பரப்பிவிடும். கோழியைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். இக்கிருமி பட்டால் மனிதருக்கும் கண் சிவந்து நீர் வடிவதுண்டு. வாங்கி வந்த புதுக் கோழியை மூன்று வாரமாவது தனியே வைத்த பின்பே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

நம்பத் தகுந்த வழி தடுப்பு மருந்து ஒன்றே. குஞ்சின் 7-ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடவேண்டும். ஏன் ஊசி போடுவதில்லை? தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியே வந்த எதிர்ப்புப் பொருள் குஞ்சின் இரத்தத்தில் இருக்கும். ஊசி மருந்தை அது முறித்துவிடும். சொட்டு மருந்தோ, கிருமி நுழையும் வாசலிலேயே காவலை உண்டாக்குகிறது. 4-ஆம் வாரம் மீண்டும் ஒருமுறை கொடுத்து, 8-ஆம் வாரம் இறக்கையில் ஊசி போடவேண்டும்.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு குப்பியில் பல வீட்டுக் கோழிகளுக்கான மருந்து இருக்கும். கலக்கிய இரண்டு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். ஆறு கோழிக்காகக் குப்பியை உடைக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே தெருவாரே சேர்ந்து நாள் குறித்துக் கொள்ளுங்கள். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். சட்டைப் பையில் வெயிலோடு வந்த மருந்து வெறும் தண்ணீர்தான்.

கோடைக்கு முன் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறையினர் நடத்தும் முகாமில் இம்மருந்து இலவசமாகவே போடப்படுகிறது. நாள் தெரிந்ததும் முதல் நாள் மாலையே கோழிகளைக் கூட்டில் அடைத்து வையுங்கள். காலையில் திறந்துவிட்டபின் நாட்டுக் கோழியைத் துரத்திப் பிடிப்பது யாராலும் ஆகாது.