திறந்துவிட்டாலும் திரும்பி வரும்!

ஆசையாக வளர்த்ததை வானத்தில் பறக்கவிட்டுவிட்டு, தானாகத் திரும்பி வருமா என்று காத்திருக்க வேண்டும். புறா வளர்ப்பவர்களின் சந்தோஷமும் தவிப்பும் இதில்தான்!

பந்தயப் புறாக்களில் பல ரகம். கர்ணப் புறா வானத்திலேயே குட்டிக்கரணம் அடிக்கும். ஹோமர் புறா எத்தனையோ கிலோமீட்டர் தாண்டி விட்டாலும் கூடு தேடி வரும். ஹோமர் குஞ்சு பொரித்த ஒரு வாரத்தில் காலில் வளையம் மாட்டிவிடுவார்கள். கால் பருத்தபின் அதைக் கழற்ற முடியாது. ஆயுளுக்கும் அதுதான் அடையாளம்.

பயிற்சி படிப்படியாக நடக்கும். கூடு கோவில்பட்டியில் என்றால் முதலில் ஊர் எல்லை, பிறகு கயத்தாறு, அப்புறம் திருநெல்வேலி. பந்தயத்தில் முதலில் வந்த புறாவே ஜெயித்ததாக அர்த்தமில்லை. ஒவ்வொரு கூட்டுக்கும் தூரம் வேறு என்பதால், நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் பறந்தது என்பதே கணக்கு.

கரிசல் பூமியில் கம்பு, சோளம், பாசிப்பயறுக்குப் பஞ்சமில்லை. வெயில்தான் சவால். கூட்டுக்குக் காற்றோட்டமும், தினமும் மாற்றிய தண்ணீரும் அவசியம். காய்ந்த எச்சத்தின் தூசி நுரையீரலைப் பாதிக்கும். சுத்தம் செய்யும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

2020-ல் பெல்ஜியத்தின் ‘நியூ கிம்’ என்ற பெண் புறா 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. ஆனால், எந்தப் புறாவாக இருந்தாலும் வல்லூறுக்கும் வெயிலுக்கும் தப்பித்தான் வீடு சேர வேண்டும்.

காலில் வளையத்தோடு ஒரு புறா களைத்துப்போய் உங்கள் மொட்டைமாடியில் இறங்கினால் பிடித்து அடைக்காதீர்கள். கொஞ்சம் தண்ணீரும் தானியமும் வையுங்கள். தெம்பு வந்ததும் கிளம்பிவிடும். அதற்காக எங்கோ ஒருவர் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்!