சர்ட்டிஃபிகேட்டுக்குப் பக்கத்துச் சுவரைப் பாருங்க!

எங்கள் ஆபீஸில் ஐ.எஸ்.ஓ. ஆடிட் வருகிற வாரம் நடக்கும் கூத்தை எழுதினால் தனி இதழே போடலாம். ஆறு மாசம் காலியாகக் கிடந்த ரிஜிஸ்டர் ஒரே ராத்திரியில் நிரம்பும். ஒரே இங்க்காக இருந்தால் சந்தேகம் வருமே என்று நாலு கலர் பேனா வாங்கி வருவார் ஹெட்கிளார்க்!

அந்த அனுபவத்தாலோ என்னவோ, பாஸ்போர்ட் விசாரணைக்குப் போன போலீஸ் ஸ்டேஷனில் ஃபிரேம் போட்ட ஐ.எஸ்.ஓ. சர்ட்டிஃபிகேட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. (சத்தமாக இல்லை சார்... இடம் அப்படி!)

ஐ.எஸ்.ஓ.வைக் குறை சொல்லவில்லை. ஃபைல் ஒழுங்கு, சுத்தம், வந்தவர் உட்கார நாற்காலி... எல்லாம் வேண்டியதுதான். ஆனால், லாக்கப்புக்குள் போனவர் முழுசாக வெளியே வருவாரா? அதற்குத் தரக்கட்டுப்பாடு வேறு. அதுவும் அதே சுவரில் இருக்க வேண்டும்.

1986 ஆகஸ்ட்டில் மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றை நடத்திய டி.கே.பாசு, லாக்கப் மரணச் செய்திகளைக் குறிப்பிட்டு சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதமே வழக்கானது. பத்து வருஷம் கழித்து, 1996 டிசம்பர் 18-ல் தீர்ப்பு. மொத்தம் 11 கட்டளைகள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கண்ணில் படுகிற இடத்தில் வைக்க வேண்டும் என்றும் உத்தரவு.

கைது செய்கிறவர் சட்டையில் பெயர் தெளிவாகத் தெரியணும். அரெஸ்ட் மெமோவில் தேதி, நேரம் போட்டு, வீட்டு ஆளோ அந்தப் பகுதிப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போடணும். 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்க்கணும். சொந்தக்காரர் வெளியூர் என்றால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தந்தி அடிக்கணும். (தந்தியை 2013-ல் மூடியாச்சு. கட்டளைக்கு மூடுவிழா இல்லை!) இதில் பெயர், மெமோ சமாச்சாரங்கள் அப்புறம் சட்டத்திலேயே ஏறிவிட்டன, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-வது பிரிவு.

என்னைக் கேட்டால், 11-ல் பெரிய விஷயம் இன்ஸ்பெக்‌ஷன் மெமோதான். கைதாகும்போது உடம்பில் உள்ள காயம், சின்னக் கீறல் உட்பட, எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடணும். ஒரு காப்பி கைதானவருக்கு. அப்புறம் புதுக் காயம் முளைத்தால், “வரும்போதே இருந்துச்சு” என்று சொல்ல முடியாது. கான்ஸ்டபிளுக்கும் இது பாதுகாப்பு, வீண்பழி வராது.

பேப்பர் வேண்டாம், கேமரா போதும் என்கிறீர்களா? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் இறந்தார்களே... அந்த ஸ்டேஷனிலும் கேமரா இருந்தது. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட் பண்ணியிருந்ததாக மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். அந்த டிசம்பரில் வேறொரு வழக்கில், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைத்து, பதிவை 18 மாசம் வைத்திருக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட். 2025-லும் ‘கேமரா வேலை செய்யலையாமே?’ என்று அதே கோர்ட் தானாக வழக்கு எடுக்க வேண்டியிருந்தது!

தம்பியையோ ரூம்மேட்டையோ கூட்டிப்போனால், அரெஸ்ட் மெமோவில் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடலாம். நேரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தணும்; கணக்கு அதை வைத்துத்தான். இன்ஸ்பெக்‌ஷன் மெமோவை மட்டும் மறந்துடாதீங்க. தீர்ப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது: கைதானவர் கேட்டால்தான் எழுதணும்.