சூரியகாந்தி எண்ணெய்: பெயர் ஒன்று, குணம் இரண்டு

எங்கள் பகுதியில் ஷோர்ட் ஈட்ஸ் கடை நடத்தும் நானா ஒருவர் சில காலத்துக்கு முன் கோபத்தோடு என்னிடம் வந்தார். "போன மாதம் தந்த சூரியகாந்தி எண்ணெய் நன்றாகத் தாங்கியது. இந்த முறை தந்தது சீக்கிரமே கறுத்து, தாச்சியில் பசை மாதிரி ஒட்டுது. கலப்படமா நானா?" என்று கேட்டார். கலப்படமில்லை. வேறு நாட்டுச் சரக்கு, அவ்வளவுதான். ஆனால் அதை அவருக்கு விளக்க அன்று எனக்குத் தெரியவில்லை.

சூரியகாந்தி எண்ணெயில் முக்கியமாக இருப்பவை ஒலீக், லினோலீக் என்ற இரண்டு கொழுப்பமிலங்கள். லினோலீக் உடம்புக்கு அவசியமானது. ஆனால் சூட்டைத் தாங்காது. திரும்பத் திரும்பப் பொரித்தால் பசையாவது அதனால்தான். ஒலீக் கூடிய எண்ணெய் நின்று பிடிக்கும்.

இவற்றின் அளவைத் தீர்மானிப்பது ஆலை அல்ல, வயல். பூ வாடி விதை முற்றும் நாட்களில், விசேடமாக இரவில், குளிர் இருந்தால் செடி ஒலீக்கை லினோலீக்காக மாற்றிவிடும். வெப்பம் கூடினால் அந்த வேலை குறையும். ஆர்ஜன்டீனாவையே பாருங்கள். வடக்கே சூடான சாக்கோ மாகாணத்தில் விளைவதில் ஒலீக் கூட. தெற்கே குளிரான பகுதியில் விளைவதில் லினோலீக் கூட. ஒரே நாடு, ஒரே பெயர்! சர்வதேச கோடெக்ஸ் தரத்தில்கூட சாதாரண சூரியகாந்தி எண்ணெயின் ஒலீக் வீதத்துக்குப் பரந்த வரம்பு விடப்பட்டிருக்கிறது. எவ்வளவு பெரிய இடைவெளி!

இந்தத் தலையிடிக்கு மருந்து விதையில் கிடைத்தது. 1976இல் சோவியத் நாட்டின் கிராஸ்னதார் நகரில் சோல்தாதொவ் என்ற ஆய்வாளர், விதைகளுக்கு இரசாயனம் ஊட்டி 'பெர்வெனெட்ஸ்' என்ற இனத்தை உருவாக்கினார். இன்றைய 'ஹை ஒலீக்' இனங்களுக்கு அதுவே மூலம். இவற்றின் எண்ணெயில் ஒலீக் 75 வீதத்துக்கு மேல். குளிரோ வெயிலோ, பெரிதாக மாறாது. விலை மட்டும் கொஞ்சம் கூட.

இன்னொரு முறைப்பாடும் வரும். நுவரெலியா போன்ற குளிர் ஊருக்குப் போன போத்தல் கலங்கிவிட்டது என்பார்கள். அது விதையின் தோலிலிருந்து வரும் மெழுகு. ஆலையில் சரியாக நீக்கவில்லை என்று அர்த்தம், கெட்டுப்போனது என்றல்ல. மழையில் நனைந்து ஈரத்தோடு குவித்த விதை வேறு கதை. அதில் அமிலம் ஏறும், சுத்திகரிப்பில் சேதாரம் கூடும்.

2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும், கிடைத்த நாட்டுச் சரக்கையெல்லாம் உலகமே வாங்கியது. அப்படி நாடு மாறும்போது விலையை மட்டும் கேட்டால் போதாது. எல்.சி. திறக்கும் முன் பரிசோதனைப் பத்திரத்தை வாங்கி, ஒலீக் எத்தனை வீதம், அயடீன் பெறுமானம் எவ்வளவு என்று பாருங்கள். சாதாரண எண்ணெய்க்கு அது 118 முதல் 141 வரை. ஹை ஒலீக்குக்கு 78 முதல் 90 வரை.

அந்த நானாவுக்கு இப்போது ஹை ஒலீக் டின்தான் கொடுக்கிறேன். வீட்டுச் சமையலுக்குக் கேட்பவர்களுக்கு வழமையான போத்தல். விலை கூட என்று அவர் இன்னும் முணுமுணுக்கிறார். ஆனால் டின்னைத் திருப்பி அனுப்பவில்லை.