கர்ப்பகாலச் சர்க்கரையும் காலைப் புட்டும்

சர்க்கரை ஏறுவது ஏன்?

அரிசியோ கோதுமையோ கிழங்கோ, எந்த மாச்சத்தும் குடலில் குளுக்கோஸாக உடைந்துதான் இரத்தத்தில் சேர்கிறது. அதைத் தசைகளுக்குள் செலுத்துவது இன்சுலின். கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டாவிட்டால் கர்ப்பகால நீரிழிவு தோன்றுகிறது.

மோர்டனில் சோதனை

தென்மேற்கு லண்டனின் மோர்டனிலும் அயலிலுள்ள மிச்சம், டூட்டிங் பகுதிகளிலும் ஈழத்தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். தென்னாசியப் பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் மெலிந்த உடல்வாகு கொண்டவருக்கும் 24 முதல் 28 வாரங்களுக்குள் சோதனை செய்யப்படுகிறது. வெறும் வயிற்றில் ஒருமுறையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ஒருமுறையும் இரத்தம் எடுப்பார்கள். முதல் அளவு 5.6 அல்லது இரண்டாவது 7.8 மில்லிமோல், இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் நோய் உறுதி. மில்லிமோல் அளவை 18-ஆல் பெருக்கினால் ஊரில் சொல்லும் மில்லிகிராம் கணக்கு வரும். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் சொல்லும் 140-உம் இங்குள்ள 7.8-உம் ஒன்றே.

தட்டில் எது, எவ்வளவு?

இன்சுலின் எதிர்ப்பு காலையில்தான் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஆகவே மதியம் தாங்கும் அதே அளவு மாச்சத்தைக் காலையில் உடல் தாங்காமல் போகலாம். வெள்ளை அரிசிமாப் புட்டும் வாழைப்பழமும் சீனியும் சேர்ந்த காலையுணவு இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று உயர்த்தும். புட்டைப் பாதியாகக் குறைத்து, முட்டைப் பொரியலோ பயறோ மீன்குழம்போ கீரையோ சேர்த்தால் அந்த ஏற்றம் தணியும்.

குரக்கன் மாவைச் சீனி வருத்தத்துக்கு மருந்துபோல் கருதுவது மிகை. நார்ச்சத்து உண்டுதான், ஆனால் நைய அரைத்த எந்த மாவும் விரைவில் செரிக்கும், அளவு கூடினால் சர்க்கரையும் கூடும். வெள்ளைப் பச்சரிசிச் சோற்றைவிடத் தவிடு நீக்காத சிவப்பரிசியும் புழுங்கலும் பொதுவாக மெதுவாகச் செரிப்பவை. சோற்றை அடியோடு விடுவதும் சரியல்ல. கருவிலுள்ள பிள்ளைக்குக் குளுக்கோஸே முதன்மை எரிபொருள்.

எந்த உணவு யாருக்கு ஒத்துவரும் என்பதை விரல்நுனிச் சோதனைதான் காட்டும். வெறும் வயிற்றில் 5.3-க்குக் கீழும், உண்டு 1 மணி நேரத்தில் 7.8-க்குக் கீழும் இருப்பதே பிரித்தானிய வழிகாட்டல் கூறும் இலக்கு.

நடையும் உழைப்பும்

இயங்கும் தசை இன்சுலினின் உதவியின்றியும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அதனால், மருத்துவத் தடை இல்லாதவர்களுக்கு உணவுக்குப் பின் 30 நிமிட நடை பரிந்துரைக்கப்படுகிறது. வாண்டில் ஆற்றோரம் விரிந்த மோர்டன் ஹால் பூங்கா அதற்கு வாகான இடம். கடையில் நாள் முழுதும் நின்று வேலை செய்வது கால்களைக் களைப்பாக்கும். நடைக்கு அது ஈடல்ல.

இன்சுலின் ஊசி போடுபவருக்கு நடக்கும்போது சர்க்கரை 4-க்குக் கீழே இறங்கக்கூடும். மற்ற வேளைகளில் தவிர்க்கும் பழச்சாறும் குளுக்கோஸ் வில்லையும் அப்போது உடனே தேவை.

பிரசவத்துக்குப் பின்

நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பும். ஆயினும் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதலாகவே இருப்பதால், 6 முதல் 13 வாரங்களுக்குள் ஒருமுறையும் பிறகு ஆண்டுதோறும் இரத்தச் சோதனை செய்யப்படுகிறது.