நான்கு கேமரா, ஒரு கணினி: காசை எங்கே போடுவது?

தெலுக் இந்தானில் ஒரு தம்பி என்னிடம் ஒரு தாளை நீட்டினார். கல்யாணம், காதணி விழா, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்துக் கொடுப்பவர். மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த ஆறாயிரம் ரிங்கிட்டில் புதுக் கணினி வாங்கப் போகிறார். தாளில் சாமான் பட்டியல். "பாருங்கண்ணே, சரியா இருக்கா?" என்றார். பாதிக்கு மேற்பட்ட பணம் ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கே போயிருந்தது. ஹார்ட் டிஸ்க் கடைசி வரியில் இருந்தது. அதுவும் ஒன்றே ஒன்று.

நான் கணினிப் பொறியாளன் அல்லன். வெகுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கேமராவுக்கு முன்னால் நின்று பேசுகிறவன். ஆனால், நிகழ்ச்சி முடிந்த பிறகு படத்தொகுப்பு அறையில் பல இரவுகள் கண்விழித்திருக்கிறேன். அங்கே கற்றதைத்தான் அந்தத் தம்பியிடம் சொன்னேன். இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

தெலுக் இந்தான் என்றதும் நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது நகரத்தார் தெண்டாயுதபாணி ஆலயத்தின் சித்ரா பௌர்ணமி. அந்தத் திருவிழாவை நான்கு கேமராக்களில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தேரின் முன்னால் ஒன்று, காவடிகளோடு நகரும் கேமரா ஒன்று, மாடியில் ஒன்று, வீதிக் கோடியில் ஒன்று. (ஊரின் சாய்ந்த கோபுரம் பின்னணியில் விழுந்தால் கவனமாக இருங்கள். கோபுரம் 1885-இல் கட்டப்பட்டது, சாய்ந்தே நிற்கிறது என்பது நமக்குத் தெரியும். வெளியூர்க்காரர் உங்கள் டிரைபாடுதான் கோணல் என்பார்.)

ஒரே நிகழ்ச்சியைப் பல கேமராக்களில் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, வேண்டிய கோணத்தைத் தேர்ந்தெடுப்பது புதிய வித்தை அல்ல. 1951-இல் அமெரிக்காவில் 'ஐ லவ் லூசி' தொடரை மூன்று பிலிம் கேமராக்களில் எடுத்தார்கள். மூன்று சுருள்களையும் சேர்த்துப் பார்க்கவே தனி இயந்திரம் தேவைப்பட்டது. இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. அது எங்கே திணறுகிறது என்று தெரிந்தால்தான் எங்கே காசு போடுவது என்று தெரியும்.

கணக்கைப் பார்ப்போம். எச்.டி. படம் என்றால் 1920-க்கு 1080 புள்ளிகள். கேமரா வினாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 22 கிகாபைட். நான்கு கேமரா, ஐந்து மணி நேரம் என்றால் 450 கிகாபைட். இடம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும். திணறல் வருவது வேறு இடத்தில்.

கேமராக்கள் பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 முறையில் படத்தைச் சுருக்கி வைக்கின்றன. அதில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. எப்போதாவது ஒரு முழுப் படம். அதற்குப் பிறகு என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. நீங்கள் நடுவில் ஓரிடத்துக்குத் தாவினால், கணினி முந்தைய முழுப் படத்துக்குப் போய், அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வரவேண்டும். நான்கு கேமராவும் ஒன்றாக ஓடினால் வினாடிக்கு நூறு ஃபிரேம். விலையுயர்ந்த கணினியும் இங்கே மூச்சுவாங்கும்.

இதற்கு மருந்து புரோக்சி. அதாவது, ஒவ்வொரு கோப்புக்கும் எளிதாகத் திறக்கக்கூடிய சிறிய நகல். புரோரெஸ் புரோக்சி போன்ற முறைகளில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும். இரவில் கணினியை நகலெடுக்க விட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் நகலை வைத்து வெட்டுங்கள். கடைசியில் வெளியிடும்போது மென்பொருள் தானாகவே மூலப் படத்தை எடுத்துக்கொள்ளும். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே பல கேமரா தொகுப்பும் உண்டு, புரோக்சியும் உண்டு. திருட்டு மென்பொருள் தேடி வைரஸை வீட்டுக்கு அழைத்து வரத் தேவையில்லை.

அடுத்தது டிஸ்க். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு முள் ஓடி ஓடிப் படிக்கிறது. ஒரு கோப்பை நேராகப் படிப்பதில் அது கெட்டிக்காரன். நான்கு கோப்புகளை ஒரே நேரத்தில் கேட்டால், முள் இங்கும் அங்கும் தாவியே நேரத்தைக் கழிக்கும், படம் விக்கும். எஸ்.எஸ்.டி.யில் முள்ளே கிடையாது. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே வினாடிக்கு 500 மெகாபைட் அளவுக்குப் படிக்கும். நான்கு எச்.டி. கேமராவுக்கு அது தாராளம். ஆகவே விண்டோஸுக்கு ஒரு எஸ்.எஸ்.டி., வெட்டுகிற படங்களுக்குத் தனியாக இன்னொரு எஸ்.எஸ்.டி. சுழலும் டிஸ்க்கைச் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிராசசர் விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். இன்டெல் வாங்கினால் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' எழுத்து போட்டது வேண்டாம். விலை கொஞ்சம் குறைவுதான். ஆனால் உள்ளேயே இருக்க வேண்டிய கிராபிக்ஸ் பகுதி அதில் வேலை செய்யாது. எச்.264 படத்தை விரைவாக விரிக்க உதவும் குயிக் சிங்க் வசதி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ரேம் 32 கிகாபைட் போதும். கிராபிக்ஸ் கார்டு நடுத்தரமானது போதும். வண்ணம் திருத்தவும் எஃபெக்ட் போடவும் அது உதவும், நான்கு கோணங்களை வெட்டுவதற்கு அல்ல. மழைக்காலத்தில் மின்னல் வெட்டும் ஊரில் யு.பி.எஸ். இல்லாமல் கணினியைத் திறக்கவே வேண்டாம்.

கணினி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் படம் எடுக்கும்போது செய்த தவற்றை அது சரிசெய்யாது. எல்லாக் கேமராவையும் வினாடிக்கு 25 ஃபிரேமில் வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் ஐம்பதில் ஒன்று. இல்லையென்றால் சில விளக்குகள் மினுக்கும். கைத்தொலைபேசியையும் ஒரு கேமராவாகச் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் 30 ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டு நடுநடுவே கூட்டிக் குறைக்கும். தொடக்கத்தில் உதடும் பேச்சும் ஒன்றாக இருக்கும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பேச்சு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். அதை முதலில் சீரான 25 ஃபிரேமுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

கேமராக்களை ஒத்திசைக்க மென்பொருள் ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும். அருமையான வசதிதான். ஆனால் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மேளத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்கும் நம் வீதிக் கோடிக் கேமராவுக்கு ஓசை ஏழு ஃபிரேம் தாமதமாகப் போய்ச் சேரும். கணினி அந்த ஓசையை நம்பிப் பொருத்தினால், மேளக்காரரின் கை ஒரு கோணத்தில் இறங்கியிருக்கும், இன்னொன்றில் இன்னும் மேலே இருக்கும். தூரக் கேமராவைக் கண்ணால் பொருத்துங்கள். எல்லாக் கோணத்திலும் தெரியும் ஒரு பிளாஷ் வெளிச்சம் போதும். இடையில் கேமராவை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பொருத்த வேண்டியிருக்கும்.

இனி அந்தக் கடைசி வரி, அந்த ஒற்றை ஹார்ட் டிஸ்க். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களோடு சேர்ந்து ஒரு கல்யாணத்தை மூன்று கேமராவில் எடுத்தோம். வேகம் வேண்டுமென்று இரண்டு டிஸ்க்கை ஒன்றாக இணைத்து 'ரெய்டு ஜீரோ' முறையில் வைத்தோம். அதில் கோப்பின் பாதி ஒரு டிஸ்க்கில், மீதி இன்னொன்றில். ஒன்று செத்தால் இரண்டும் செத்தது மாதிரி. செத்தது. கார்டுகளை ஏற்கெனவே அழித்து அடுத்த வேலைக்குப் பயன்படுத்திவிட்டோம். யாரையும் குறை சொல்ல முடியாது, எங்கள் அவசரம்.

மணப்பெண்ணின் பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அட்சதை போட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான்தான் அந்தக் கேமராவைப் பிடித்திருந்தேன். அடுத்த ஆண்டு பாட்டி இறந்துவிட்டார். அந்தப் படம் கிடைக்குமா என்று அந்தப் பெண் தொலைபேசியில் கேட்டபோது என்னால் வாய் திறக்க முடியவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதனால் என்ன ஆயிற்று?

அதனால்தான் சொல்கிறேன்: கார்டிலிருந்து இரண்டு இடத்துக்கு நகலெடுத்து, இரண்டையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழியுங்கள். மூன்றாவது நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். வெள்ளமோ திருட்டோ மின்னலோ வந்தால், ஒரே மேசையில் இருக்கும் இரண்டு நகலும் ஒன்றாகத்தான் போகும்.

தம்பி தாளை வாங்கி அங்கேயே திருத்தினார். பெரிய கிராபிக்ஸ் கார்டு அடிபட்டது. இரண்டு எஸ்.எஸ்.டி., சேமிப்புக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு யு.பி.எஸ். சேர்ந்தன. கூட்டிப் பார்த்தால் கையிலும் கொஞ்சம் மிஞ்சியது. "மிச்சத்துக்கு நல்ல மைக் ஒன்னு வாங்கிக்கிறேண்ணே" என்றார். இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை எங்கே வைப்பாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்கா வீட்டு அலமாரியில" என்றார்.