பழைய டிராக்டர் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்



போன மாதம் திண்டிவனம் பக்கத்தில் ஒரு ஊரில் குழுக் கூட்டம் முடிந்து தீர்மான நோட்டு எழுதிக்கொண்டிருந்தோம். ஐந்து உறுப்பினர்கள் மட்டும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். "மேடம், நாங்க அஞ்சு பேரும் சேர்ந்து ஒரு பழைய டிராக்டர் வாங்கலாம்னு இருக்கோம். ரெண்டரை லட்சம் சொல்றாங்க. கடனுக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்றார் ஒரு அக்கா.

இப்போது என்ன அவசரம் என்று கேட்டோம். "மழை பேஞ்சி ஈரம் நிக்கிறதே ரெண்டு மூணு நாளுதான். அந்த நேரத்துல எல்லாரும் வண்டியக் கூப்பிடுறாங்க. பத்து ஏக்கர்காரருக்கு ஓட்டி முடிச்சிட்டுத்தான் நம்ம ஒரு காணிக்கு வர்றாங்க. அதுக்குள்ள ஈரம் காஞ்சிடுது. மல்லாட்டை பாதிதான் முளைக்குது" என்றார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் எங்களுக்கு வேறொரு சகோதரியின் ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் அவரும் குழுவில் கடன் வாங்கித்தான் பழைய டிராக்டர் எடுத்தார். விற்றவர் அந்த வண்டியின் மேல் வாங்கிய பழைய கடனை அடைக்கவே இல்லை. எட்டாவது மாதம் கடன் கொடுத்தவர்களின் ஆட்கள் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி போனது, குழுக் கடன் நின்றது. அவர் கூலி வேலைக்குப் போய்த்தான் அந்தத் தவணையைக் கட்டி முடித்தார்.

பழைய டிராக்டர் வாங்குவது தப்பில்லை. பார்க்காமல் வாங்குவதுதான் தப்பு. என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறோம்.

1. முதலில் கணக்குப் போடுங்கள்

வண்டியைப் பார்க்கப் போகும் முன்னே நோட்டை எடுங்கள். அந்த ஐந்து பேருக்கும் சேர்த்து 12 ஏக்கர் நிலம். ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு 4 மணி நேர உழவு, வருடத்துக்கு இரண்டு போகம் என்றால் 96 மணி நேரம். 100 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

வாடகை வண்டிக்கு மணிக்கு 1,000 ரூபாய் என்றால் அவர்களுக்கு வருடத்துக்கு 1,00,000 ரூபாய் ஆகிறது. சொந்த வண்டி வந்தால் இது மிச்சம். ஆனால் செலவு?

டீசல் மணிக்கு 4 லிட்டர், லிட்டர் 95 ரூபாய்: 38,000.
டிரைவர் கூலி மணிக்கு 150 ரூபாய்: 15,000.
ஆயில், ரிப்பேர், இன்சூரன்ஸ்: 30,000.
மொத்தம்: 83,000.

கையில் நிற்பது 17,000 ரூபாய். ஆனால் இரண்டரை லட்சம் கடனுக்கு 12 சதவீத வட்டி முதல் வருடம் மட்டும் 30,000 ரூபாய். வட்டிக்கே 13,000 ரூபாய் துண்டு விழுகிறது. அசல் எங்கிருந்து கட்டுவது?

அதே வண்டி ஊராருக்கும் சேர்த்து வருடத்துக்கு 300 மணி நேரம் ஓடினால் கணக்கு மாறுகிறது. வரவு 3,00,000. டீசல் 1,14,000, டிரைவர் 45,000, ரிப்பேர் வகையறா 50,000. மீதி 91,000. வட்டி போக 61,000 ரூபாய் அசலுக்குப் போகும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். நாலு வருடத்துக்குள் கடன் அடையும்.

இது ஒரு மாதிரிக் கணக்குதான். உங்கள் ஊர் வாடகை, டீசல் விலை, உங்கள் கடன் வட்டி ஆகியவற்றைப் போட்டு நீங்களே எழுதிப் பாருங்கள். 12 ஏக்கரை மட்டும் நம்பி வண்டி வாங்கினால் கட்டுப்படியாகாது. வெளி உழவு எத்தனை மணி நேரம் நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

2. நம் நிலத்துக்கு எது போதும்?

அரைக் காணி, ஒரு காணி என்று வரப்பு வரப்பாகப் பிரிந்த நிலம் நம்முடையது. பெரிய வண்டி திரும்பவே இடம் இருக்காது, டீசலும் அதிகம் குடிக்கும். ஒன்பது கொத்துக் கலப்பைக்கும் சிறிய ரோட்டவேட்டருக்கும் 35 எச்.பி. அளவு போதும். மாஸி 1035, ஸ்வராஜ் 735 போன்ற வண்டிகள் இந்த வகை. புழுதி உழவுக்குக் கலப்பை மட்டும் போதும் என்றால் 30 எச்.பி. மகிந்திரா 265 மாதிரி வண்டியே செய்யும்.

இன்னொன்று முக்கியம். அந்த வண்டிக்கு விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஸ்பேர் கிடைக்கிறதா, அதைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். எச்.எம்.டி. டிராக்டர் ஒரு காலத்தில் நல்ல பேர் எடுத்த வண்டி. அந்த டிராக்டர் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது. இப்படித் தயாரிப்பு நின்றுபோன வண்டி விலை குறைவாக வரும். ஒரு சாமானுக்கு வாரக்கணக்கில் அலைந்தால் அந்த லாபம் பட்டத்தோடு போய்விடும்.

3. இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள்

விடியற்காலையில், சொல்லாமல் போவது நல்லது. முதலில் இன்ஜின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சுடுகிறதா? நீங்கள் வரும் முன்னே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் அதன் உடம்பு தெரியும். இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஆறியிருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

ஆயில்: ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். கறுப்பாக இருப்பது சகஜம். பால் விட்ட டீ போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டி வேண்டாம்.

ரேடியேட்டர்: ஆறியிருக்கும்போது மட்டும் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும். தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலும் கெடுதல்தான்.

புகை: ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் புகை வந்து தெளிந்துவிட்டால் பரவாயில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் வேலை இருக்கிறது என்று அர்த்தம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் அதையும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் இடத்தில் புஸ் புஸ் என்று புகை அடித்தாலும் இன்ஜின் வேலை காத்திருக்கிறது.

தூக்கி: பின்னால் ரோட்டவேட்டரையோ கலப்பையையோ மாட்டித் தூக்கச் சொல்லுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது பழைய வண்டியில் உண்டு. சரசரவென்று இறங்கினால் ஹைட்ராலிக் வேலை இருக்கிறது. தூக்கிய கலப்பைக்குக் கீழே கை காலை மட்டும் கொண்டு போகாதீர்கள்.

உழுது பாருங்கள்: ரோட்டில் ஓட்டிக் காட்டினால் ஏமாறாதீர்கள். கலப்பை போட்டு ஒரு அரை மணி நேரமாவது நிலத்தில் ஓட்ட வேண்டும். கிளட்ச் நழுவுகிறதா, கியர் தானாகக் கழன்று விழுகிறதா, சூடு ஏறுகிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

டயர்: பின் டயர் இரண்டையும் மாற்றினாலே முப்பதாயிரத்துக்கு மேல் போய்விடும். டயர் தேய்ந்திருந்தால் அந்தத் தொகையை விலையில் குறையுங்கள்.

மீட்டர்: குறைந்த மணி நேரம் காட்டுகிறது, ஆனால் கிளட்ச் பெடல் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது என்றால் மீட்டரை நம்பாதீர்கள், பெடலை நம்புங்கள்.

இதையெல்லாம் நாமே பார்க்கலாம். என்றாலும் மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் நம் ஆளாக இருக்க வேண்டும், தரகர் கூட்டி வரும் ஆளாக இருக்கக் கூடாது.

4. வண்டி இதுவரை என்ன வேலை பார்த்தது?

மேட்டு நிலத்தில் புழுதி ஓட்டிய வண்டியும், இரும்புச் சக்கரம் மாட்டி வருடம் முழுக்கச் சேடை ஓட்டிய வண்டியும் ஒன்றல்ல. சேற்றில் ஓடிய வண்டியில் சீல் வழியாகத் தண்ணீரும் சேறும் உள்ளே இறங்கியிருக்கலாம். கரும்பு லோடு இழுத்த வண்டி என்றால் கிளட்ச், பிரேக், கியர் மூன்றையும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

நம் மாவட்டத்தில் இன்னொன்றும் கேட்க வேண்டும். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. தென்பெண்ணைக் கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டி பெயின்ட் அடித்து விற்பனைக்கு வந்தால் வெளியே தெரியாது. லைட் கண்ணாடிக்கு உள்ளே மண் கோடு, மீட்டருக்குள் துரு, பேட்டரிப் பெட்டி மூலையில் வண்டல், வெளுத்துப் போன கியர் ஆயில் ஆகியவை இருந்தால் சந்தேகப்படுங்கள்.

5. பேப்பர் சரியில்லாவிட்டால் வண்டி வேண்டாம்

ஆர்.சி. புத்தகத்தின் ஒரிஜினலைக் கேளுங்கள். அதில் உள்ள இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆர்.சி.யில் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பேர் இருந்தால் வண்டி மேல் கடன் பதிவு இருக்கிறது. "அதெல்லாம் கட்டியாச்சும்மா" என்ற பேச்சு போதாது. கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும், அவர் கையெழுத்திட்ட படிவம் 35ம் கைக்கு வர வேண்டும். முன்பு சொன்ன சகோதரி ஏமாந்தது இந்த ஒரு இடத்தில்தான்.

பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு வண்டியைக் காட்டிப் புதுப்பித்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டி நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் இந்த விவரங்கள் வரும். படிக்கிற பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

டி.என். 16 திண்டிவனம், டி.என். 32 விழுப்புரம். பி.ஒய். என்று இருந்தால் புதுச்சேரிப் பதிவு. அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் விலை பேசும்போதே சேர்த்துப் பேசுங்கள்.

அட்வான்ஸ் கொஞ்சமாகக் கொடுத்து எழுத்தில் ரசீது வாங்குங்கள். விற்பவர் படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டு, பேப்பர் எல்லாம் கைக்கு வந்த பிறகு மீதியை வங்கி வழியாகக் கொடுங்கள். 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேர் மாற்றுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்ற வேண்டும்.

6. கடன் உங்கள் பேரில், வண்டி யார் பேரில்?

பல வீடுகளில் கடன் அம்மா பேரில், ஆர்.சி. அப்பா பேரில் இருக்கிறது. தவணை கட்டுவது நீங்கள் என்றால் வண்டியும் உங்கள் பேரில் இருக்கட்டும். "பொம்பள பேர்ல வண்டி எதுக்கு?" என்று கேட்டால், "பொம்பள பேர்ல கடன் எதுக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள்.

ஐந்து பேர் சேர்ந்து வாங்கி ஒருவர் பேரில் எழுதினால், யாருடைய பங்கு எவ்வளவு, யார் நிலத்துக்கு எந்த முறையில் உழவு, ரிப்பேர் வந்தால் யார் எவ்வளவு, ஒருவர் விலகினால் என்ன என்பதை முன்கூட்டியே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். வண்டி எடுக்கும், நிறுத்தும் நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் சாவி கொடுக்காதீர்கள். நடவுக்குப் போகிற பெண்களை மட்காட்டிலோ டிரெய்லரிலோ ஏற்றாதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கை கொடுக்காது, நஷ்டஈடு உங்கள் தலையில் விழும்.

7. வாங்காமலும் வழி உண்டு

வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியில் இ-வாடகை என்ற பகுதியில் முன்பதிவு செய்யலாம். பழைய வண்டிக்கு அரசு மானியம் கிடையாது. புதிய பவர் டில்லர் போன்ற கருவிகளுக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண் விவசாயிகளுக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு 50 சதவீதம் வரை மானியத் திட்டம் இருக்கிறது. இந்த வருடம் எதற்கு, எவ்வளவு என்று துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு எடுங்கள்.

அந்த ஐந்து சகோதரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? விடியற்காலையில் சொல்லாமல் போனார்கள். கம்பியை உருவிப் பார்த்தார்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. "வேணாங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். இப்போது ஊரில் யார் யாருக்கு எத்தனை மணி நேர உழவு வேண்டும் என்று வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 190 மணி நேரம் வரை சேர்ந்திருக்கிறது. 300 வந்தால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். கடன் மனு அதுவரை எங்கள் பையிலேயே இருக்கிறது.

இந்தக் கட்டுரையை உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கும் போய்ச் சேரட்டும்.