அலை எட்டாத தீம்பார்

'பூஸ்டர்' என்ற சொல் நம் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. 1980களில் ஜொகூர்த் தோட்டங்களில் லயத்துக்கு லயம் நீண்ட கம்பம் நட்டு, நுனியில் ஏரியல் கட்டியிருந்தார்களே, மறந்திருக்க மாட்டீர்கள். சிங்கப்பூர் டி.வி.யில் தமிழ்ப்படம் என்றால் அப்பா கூரையில் நிற்பார், நாங்கள் பிள்ளைகள் உள்ளேயிருந்து "இன்னும் கொஞ்சம் திருப்புங்கப்பா, போதும் போதும்" என்று கத்துவோம். அந்த ஏரியலோடு ஒரு சின்னப் பெட்டியைக் கட்டினால் பனி கொட்டுவது குறைந்து படம் தெரியும். அதுதான் பூஸ்டர். அந்தப் பழைய ஒளிபரப்பு நம் நாட்டில் 2019 அக்டோபரோடு முடிந்துவிட்டது. கம்பங்களும் போய்விட்டன. ஆனால் பூஸ்டர் இப்போது வேறு உருவத்தில் வந்திருக்கிறது.

குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு நாம் போயிருந்தோம். அங்கே ஆற்றோரப் பள்ளத்தில் குலை வெட்டும்போது ஒரு குலை சரிந்து தோழர் ஒருவரின் தோளில் விழுந்திருக்கிறது. கையில் போன் இருக்கிறது, லைன் இல்லை. மகன் மோட்டாரை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடி, அங்கேயிருந்துதான் 999க்குக் கூப்பிட்டான். ஒரு மணி நேரம் வீண். உயிர் பிழைத்தார், ஆனால் வலது கை இன்னும் மேலே தூக்க வரவில்லை.

சும்மா இருப்பார்களா நம் இளைஞர்கள்? தலைக்குப் பத்து வெள்ளி போட்டு, இணையத்தில் ஒரு பூஸ்டர் வாங்கி லயத்துக் கூரையில் மாட்டினார்கள். இரண்டு நாள் எல்லார் போனிலும் முழுக்கோடு. மூன்றாம் நாள் பக்கத்துக் கம்பத்திலும் தோட்ட ஆபீசிலும் லைன் அறுந்து போயிற்று! போன் கம்பெனி ஆட்கள் கையில் ஏரியலைப் பிடித்துக்கொண்டு தேடி வந்து, பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். "ஏழைங்க மாட்டுனா மட்டும் குத்தமாண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டான். நமக்கும் கோபந்தான். ஆனால் ஏன் அப்படி ஆயிற்று என்று விசாரித்ததில், தம்பிகள் பக்கமும் தவறு இருந்தது.

பூஸ்டர் வேலை செய்வது தண்ணீர்க் குழாய் மாதிரி. குழாயைத் திருப்ப விரல் பலம் போதும், பாய்வது தொட்டித் தண்ணீர். அதுபோல வானத்திலிருந்து வரும் மெல்லிய அலை திருகுகிறது, பாய்வது மின்சாரம். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் செய்வது இதைத்தான். அதற்கு முன் இதே வேலையைக் கண்ணாடி வால்வுகள் செய்தன.

ஒன்று கவனிக்க வேண்டும். பூஸ்டருக்கு நல்லது கெட்டது தெரியாது. அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அதனால்தான் டி.வி. பூஸ்டரைக் கம்பத்து உச்சியிலேயே கட்டினார்கள். நீண்ட வயரில் இறங்கி அலை தேய்ந்த பிறகு கீழே பெருக்கினால் பனிதான் பெருகும். அலையே எட்டாத பள்ளத்தில் எவ்வளவு விலை கொடுத்து மாட்டினாலும் பெருக்க ஒன்றுமில்லை. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் பலம் நாலில் ஒன்றாகிவிடும். அது வெட்டவெளிக் கணக்கு. நடுவில் செம்பனை மட்டைகள் அலையைக் குடிக்கின்றன, மழையில் நனைந்தால் இன்னும் அதிகம். லயத்துத் தகரக்கூரையோ அலையை உள்ளே விடுவதே இல்லை.

டி.வி. பூஸ்டர் வாங்கிக்கொள்வது மட்டுமே. போன் பூஸ்டர் திருப்பியும் அனுப்பும். வெளியே ஓர் ஏரியல், உள்ளே ஓர் ஏரியல். இரண்டும் கிட்டக் கிட்ட இருந்தால்? திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடித்தால் 'ஊய்' என்று அலறுமே, அதேதான். இந்த அலறல் காதுக்குக் கேட்காது, கோபுரத்துக்குக் கேட்கும். நம் கைப்பேசி அனுப்பும் பலம் பெரும்பாலும் கால் வாட்டுக்கும் குறைவு. அந்த முணுமுணுப்பைக் கேட்கக் காத்திருக்கும் கோபுரத்தின் காதில் ஒரு பெட்டி விடாமல் அலறினால் சுற்றுவட்டாரத்துக்கே லைன் போகும். அன்று பக்கத்துக் கம்பத்தில் யாருக்காவது நெஞ்சுவலி வந்திருந்தால் அவர்களும் நம்மைப்போலவே மேட்டைத் தேடி ஓடியிருப்பார்கள்.

அனுமதியில்லாத பூஸ்டர் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. கடைக்காரர் சொல்லமாட்டார். அதே பூஸ்டரை அலைவரிசை உரிமையுள்ள போன் கம்பெனியே அளந்து மாட்டினால் குற்றமில்லை. ஆகவே கேட்க வேண்டிய இடம் கம்பெனி. அது அசையாவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். உட்புறங்களுக்கும் அலை கொண்டுபோக 2020இல் ஜெண்டேலா திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. அந்த வருடம் சபாவில் ஒரு மாணவி பரீட்சைக்காக மரத்தில் ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. கூலி, வீடு, தண்ணீர், மின்சாரம் என்று கேட்டு வாங்கிய நாம் இதையும் கேட்கலாம்.

அதுவரை ஒரு விவரம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். உங்கள் கம்பெனி அலை இல்லாவிட்டாலும், வேறு கம்பெனி அலை இருக்குமிடத்தில் 999, 112 போகும். திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று காட்டினால் அழையுங்கள்.

அந்தத் தோட்டத்தில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் கைமாறிக்கொண்டிருக்கிறது. தீம்பார் எண், நேரம், எந்தக் கம்பெனி, எத்தனை கோடு என்று ஆளுக்கு ஆள் குறிக்கிறார்கள். நிரம்பியதும் மகஜரோடு அனுப்பப்படும். ஆற்றோரப் பள்ளத்துக்கு நேரே 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருப்பது மேட்டுக்கு மோட்டார் ஓட்டிய அந்த மகன்.